யாரும் தள்ள வேண்டாம்

தள்ள வேண்டாம், யாரும் இறங்கவும் வேண்டாம் என்று கையைத் தூக்கிச் சொல்லிவிட்டேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம், அவ்வளவு சத்தமாக வந்தது. ரயில் மேட்டின் பாதியில் நிற்கிறது. மேடு என்றால் பெரிய மேடு ஒன்றுமில்லை, பக்கத்தில் நடந்து போகிறவர்களுக்கு மேடு என்றே தெரியாது. ஆனால் என் எஞ்ஜின் என் இடுப்புக்குக் கீழேதான் வரும். அதை ஒட்டின தண்ணீர்த் தொட்டியின் மேல் காலைப் பரப்பிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குப் பின்னால் பெஞ்சுக்குச் சக்கரம் வைத்த மாதிரி நாலு பெட்டி, அதில் பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பதினோரு பேர், கடைசியில் கார்டு பிரான்சிஸ் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இத்தனையையும் இழுக்கிற சின்ன உடம்புக்கு இது மலைதான். நீராவி மானியின் ஊசி நாற்பதில் நிற்கிறது. எண்பது வந்தால் ஏறும். எழுபத்தைந்தில்கூட ஏறும், ஆனால் எழுபத்தைந்தை நம்பி ஒரு முறை முயற்சி பண்ணிச் சறுக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் அவர் வந்துவிடுவார். அதோ வந்துகொண்டிருக்கிறார். ஸ்டேஷன் பந்தலிலிருந்து வெள்ளைச் சட்டையும் செயலாளர் பேட்ஜுமாக, ஓடாமல், அவசரப்படாமல். தாமோதரன் எதற்கும் ஓடி நான் பார்த்ததில்லை. நடந்தே வந்து சேர்ந்துவிடுவார். அதுதான் பயம்.

ப்ளோயரை இன்னும் கொஞ்சம் திறந்தேன். இருக்கிற நீராவியில் துளியை எடுத்துப் புகைபோக்கிக்குள் ஊதிவிடுகிற குழாய் அது. ஊதினால் காற்று இழுக்கும், காற்று இழுத்தால் தீ பிடிக்கும், தீ பிடித்தால் நீராவி ஏறும். இல்லாத நேரத்தில் இருப்பதையும் எடுத்துச் செலவு பண்ணு என்கிற கணக்கு. முதல் தடவை கேட்டபோது இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன், இப்போது இதைத் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை. ஸ் என்று மெல்லிசாகச் சத்தம் வருகிறது. அது வருகிறவரைக்கும் பரவாயில்லை. தீக்கதவைத் திறந்து பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஓட்டை. சக்கரம் வழுக்கிச் சுற்றியபோது அந்த வேகத்தில் தீ பிய்த்துக்கொண்டு புகைபோக்கி வழியாகப் போயிருக்கிறது. கரியை அள்ளி ஓட்டையில் போட்டேன், நெல்லிக்காய் அளவாக நேற்று சாயங்காலம் பூராவும் உட்கார்ந்து உடைத்த கரி. அதிகம் போட்டால் தீ அமுங்கிவிடும். குறைவாகப் போட்டால் ஓட்டை அடையாது. போட்டது சரியா என்று இப்போது தெரியாது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் தெரிந்து என்ன ஆகப்போகிறது. நாற்பத்திரண்டு. ஏறியதா, இல்லை என் கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறதா? தலையைச் சாய்த்துப் பார்த்தால் நாற்பது. நேராகப் பார்த்தால் நாற்பத்திரண்டு. நேராகவே பார்ப்போம்.

எல்லாம் அந்தப் பூசணிக்காயால் வந்தது. எங்கள் சின்ன ரயில் சங்கத்தின் போன வருஷத் திருவிழாவில் இதே மேட்டில் யாருடைய எஞ்ஜினோ தடம் புரண்டு ஒரு பையனுக்கு முழங்கை சிராய்ந்துவிட்டது, அதனால் இந்த இடத்துக்குக் கண்ணேறு என்று சங்கத்தில் ஏகமனதாக முடிவு. எல்லாரும் என்ன சாதாரண ஆட்களா? பம்ப் கம்பெனி வைத்திருப்பவர், காலேஜில் மெக்கானிக்கல் சொல்லிக்கொடுப்பவர், லேத்தில் முடியில் பாதி கனத்துக்குக் கடைந்து கொடுப்பவர். இத்தனை பேரும் காலையில் பயபக்தியோடு நின்று, குங்குமம் தடவின பூசணிக்காயைத் தூக்கித் தண்டவாளத்தின் மேலேயே போட்டு உடைத்தார்கள். ரோட்டில் உடைத்தால் பைக் வழுக்கும் என்று தெரிகிற மனுஷர்களுக்குத் தண்டவாளத்தில் உடைத்தால் ரயில் வழுக்கும் என்று தோன்றவில்லை. நான் சொன்னேன். ஓரமாகப் புல்லில் உடைக்கலாமே என்றேன். "நல்ல காரியத்துல குறுக்க பேசாதீங்க மேடம்" என்றார் பம்ப் கம்பெனிக்காரர். அப்புறம் ஒரு பையைக் கொண்டு சதையைப் பொறுக்கினார்கள், சாற்றை யார் துடைப்பது? எனக்கு முன்னால் போன பேட்டரி எஞ்ஜின்கள் இரண்டும் கனமானவை, அழுத்திக்கொண்டு போய்விட்டன. என் சக்கரம் அதில் ஏறியது, சர்ரென்று சுற்றியது, சக்கரத்துக்கு நீராவி விடுகிற ரெகுலேட்டரை நான் மூடுவதற்குள் தீ போச்சு, நீராவி போச்சு, பாதி மேட்டில் நின்றாயிற்று. கொஞ்சம் முன்னாலேயே மூடியிருக்கலாம். ஆமாம், மூடியிருக்கலாம். பதறிவிட்டேன். பூசணிக்காய் பாதி, நான் பாதி. ஆனால் பந்தலில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், அதில் பூசணிக்காய் இருக்காது.

சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. நடுவழியில் நின்ற எஞ்ஜினை நாலு பேர் தள்ளிவிட்டார்கள் என்றால் அது நேராக ஷெட்டுக்குப் போய்விட வேண்டும், தீயைக் கொட்டிவிட வேண்டும், ஓட்டினவர் எல்லாருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். சிரித்துக்கொண்டே வாங்கித் தருவார்கள், சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள், அடுத்த வருஷம் மறுபடி ஓட்டுவார்கள். எனக்குப் போண்டாவோடு முடியாது. கமிட்டியில் பேசி வைத்திருக்கிறார்கள். வசுந்தரா மேடம் இந்த வருஷம் ஓட்டிப் பார்க்கட்டும், சரிப்பட்டு வரவில்லை என்றால் அடுத்த வருஷத்திலிருந்து தாமோதரன் சாரே ஓட்டட்டும், மேடம் டிக்கெட் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ளட்டும். எஞ்ஜின் என்னுடையதுதான், அதில் யாருக்கும் தகராறு இல்லை. தண்டவாளம் அவர்களுடையது. பீளமேட்டில் மூடிப்போன மில்லின் மைதானத்தில் இந்த வளையத்தை விட்டால் இந்த ஊரில் இதை ஓட்ட எனக்கு வேறு இடம் கிடையாது. வீட்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டு இருக்கலாம். நன்றாகத் துடைப்பேன்.

நாற்பத்தைந்து. இது நிஜம்.

இரண்டாவது பெட்டியில் உட்கார்ந்திருக்கும் கூலிங்கிளாஸ்காரர் பாதி எழுந்துவிட்டார். "ஏங்க, ஆம்பளைங்க நாங்க நாலு பேரு இருக்கோம். ஒரு தம் குடுத்தா ஏறிட்டுப் போயிருமுங்க." வேண்டாங்க, உட்காருங்க என்றேன். உட்காரவில்லை, எழவும் இல்லை, அப்படியே அரைவாசியில் நின்றார். எனக்கு நேர் பின்னால் இருந்த அம்மாள்தான் அவரை உட்கார வைத்தது. ருக்குமணி, சிங்காநல்லூரில் மாவு மில் வைத்திருக்கிறாராம், ஏறும்போதே பேரும் ஊரும் சொல்லி, என் பேரையும் கேட்டு, இந்த வண்டி என்னை இழுக்குமா என்றும் கேட்டு, இழுக்கும் என்று நான் சொன்ன பிறகுதான் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். "ஏனுங் அம்மிணி, எறங்கோணுங்களா?" "வேண்டாங்க." "அதாஞ் செரி. எறங்குனா மறுக்கா ஏறுறதுக்கு என்ற முட்டிக்கு ஆவாது. ஏனுங் தம்பி, நீங்க உக்காருங். அந்தம்மா இழுக்கும்னு சொல்லித்தான் ஏத்துச்சு. இழுக்கட்டும்." இழுக்கும் என்று நான் சொன்னேன்தான். எதை வைத்துச் சொன்னேன்? கேட்டார், சொன்னேன். சொல்லும்போது ஊசி தொண்ணூறில் இருந்தது, வெயில் சுகமாக இருந்தது, காக்கிப் பேண்ட்டும் தொப்பியுமாக நான் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடு, நான் பண்றேன். இந்த மூன்று வார்த்தைதான் தாமோதரனோடு நடந்த என் கல்யாணம். தேங்காய் உடைக்கப் போனால் விடு நான் பண்றேன். ஊறுகாய் பாட்டில் மூடி, கேஸ் சிலிண்டர், பாங்க் சலான், கொக்கியில் மாட்டின பட்டுப்புடவை, பால் பாக்கெட்டின் மூலை. கத்தரிக்கோலை என் கையிலிருந்து எடுத்து அழகாக வெட்டிக் கொடுப்பார், சொட்டு சிந்தாது. நான் வெட்டினால் சிந்தும். சிந்தினால் என்ன, துடைத்தால் போகிறது என்று சொல்லத் தெரியாமலே எத்தனையோ வருஷம் போய்விட்டது. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன் என்று வ.உ.சி. மைதானத்துக்குக் கூட்டிப் போனார். பின்னால் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையை விடவே இல்லை. விடுங்க, விட்டால்தானே எனக்கு வரும் என்றால், விழுந்துருவே வசு என்பார். கடைசியில் எனக்கு ஸ்கூட்டர் வராது என்று குடும்பத்தில் ஒரு பேர் வந்தது. அது வந்ததே தவிர ஸ்கூட்டர் வரவில்லை. குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசனை சொல்கிற அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டார்: அடிக்கிறாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. வேற எங்காவது? ஐயோ, அதெல்லாம் இல்லை. "அப்புறம் என்னதாம்மா பண்றார்?" பால் பாக்கெட்டைக்கூட அவர்தான் வெட்டுவார் என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "குடுத்து வச்சவங்க நீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை என் மேல் குற்றமாக வைத்தார்கள், பொறுப்பில்லாமல் சிரிக்கிறாள் என்று. பெங்களூரிலிருந்து மகள் போன் பண்ணி, அப்பா ஹெல்ப்தானேம்மா பண்றார் என்றாள். ஆமாம் கண்ணு, ஹெல்ப்தான். நீருக்குள் இருக்கிறவளிடம் போய்த் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வாள்?

ஐம்பத்திரண்டு. ஓட்டை அடைந்துவிட்டதா என்று கதவைத் திறந்து பார்க்க ஆசை. திறந்தால் குளிர்காற்று உள்ளே போகும். திறக்காதே. சும்மா இரு. சும்மா இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை, அதைச் செய்யத்தான் எவனுக்கும் தெரியவில்லை.

தீ மட்டும் எப்படி என் கைக்கு வந்தது? அவருக்குக் கரிப்புகை ஆகாது, மூச்சு இழுக்கும். கணபதி ஏரியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இந்த எஞ்ஜினைச் செய்தார். கடைசல் அவர், துளை அவர், பித்தளை ஒட்டுவது அவர், அரம் போட்டுத் தேய்க்க நான் உட்கார்ந்தால் விடு நான் பண்றேன். ஆனால் முதல் நாள் தீ மூட்டியபோது இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து வெளியே ஓடிவிட்டார். கொட்டகையில் நானும் அதுவும். வடைக்கடையில் வாங்கின அடுப்புக்கரியை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, புகைபோக்கியின் மேல் சின்ன விசிறியை வைத்து, கரி சிவக்கிறவரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் விடு என்று சொல்லவில்லை. ஊசி முதல் முறையாகத் துடித்தது, பிள்ளை வயிற்றில் அசைகிற மாதிரி, பொய் சொல்லவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் எல்லாத் திருவிழாவிலும் விடியற்காலை வந்து தீ மூட்டுவது நான், நீராவியை நூறு பவுண்டுக்கு ஏற்றி வைப்பது நான். ஏறினதும் அவர் மூக்கில் கர்ச்சீப்போடு வந்து, எழுந்திரு வசு என்பார். எழுந்து, துடைத்து, உட்கார இடம் கொடுத்து, டிபன் கேரியரோடு வேப்ப மரத்தடியில் போய் நிற்பேன். அவர் சுற்றி வரும்போது என்னைப் பார்த்துக் கை காட்டுவார். நானும் காட்டுவேன். சந்தோஷமாகத்தான் காட்டினேன், அதுதான் எரிச்சல். வக்கீல் கேட்டார், வீட்டில் பாகம் வேண்டுமா, நகையா, மாசாமாசம் ஜீவனாம்சமா என்று. எஞ்ஜின் வேண்டும் என்றேன். தாமோதரன் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. மறு பேச்சுப் பேசாமல் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், எங்கே இல்லை என்று சொன்னேன்? டெம்போ வந்தபோது நான் ஒரு பக்கம் பிடித்தேன். விடு, நானே ஏத்தறேன் என்றார்.

இதோ வந்துவிட்டார். செருப்புச் சத்தத்தில் தெரிகிறது. நான் திரும்பவில்லை. ஐம்பத்தெட்டு.

"என்னாச்சு வசு?"

"ஸ்டீம் எறங்கிருச்சு. ஏறிட்டிருக்கு."

"பின்னாடி ரெண்டு வண்டி நிக்குது. ஸ்டேஷன்ல சனம் க்யூல நிக்குது."

"நிக்கட்டும்."

"கமிட்டி பூராவும் பந்தல்லருந்து பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

குனிந்து ஊசியைப் பார்த்தார். எனக்கு முன்னால் அவர் கை நீண்டது, ப்ளோயரை நோக்கி. பழக்கம்தான், அந்தக் கைக்கே தெரியாது அது நீள்வது. நான் கரி அள்ளுகிற கரண்டியைக் குறுக்கே வைத்தேன். கரண்டியின் நுனி நன்றாகச் சூடேறியிருந்தது. கை திரும்பிப் போனது. "ஏன் இவ்வளவு பிடிவாதம்? லேசா ஒரு கை குடுத்தா மேல போயிரும். போண்டா நான் வாங்கிக் குடுத்தர்றேன். ஒருத்தரும் உன்னைத் தப்பா நெனக்க மாட்டாங்க." குரலில் அன்புதான். அந்த அன்பைத்தான் யாரிடமும் காட்டிப் புகார் பண்ண முடிவதில்லை. தழும்பு இருந்தால் காட்டலாம். "தள்ளு வேண்டாங்க. ஓரமா நில்லுங்க, பிளீஸ்" என்றேன். பிளீஸ் எதற்குச் சொன்னேன்? எடுத்துவிடலாமா? சொன்னது சொன்னதுதான், இருக்கட்டும். ருக்குமணி அம்மாள் பின்னாலிருந்து, "நீங்க ஆருங் சார்?" என்று கேட்டார். அவர் பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். நானும்தான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். "செயலாளருங்க" என்றார். "அப்பிடீங்களா. அம்மிணி கொஞ்சம் பொறுக்கச் சொல்லுதுங். பொறுங்." தாமோதரன் பெட்டிகளின் ஓரமாகவே பின்பக்கம் நடந்து போனார்.

அறுபத்து மூன்று. ஏறுகிறது, இப்போது நன்றாகவே ஏறுகிறது, புகைபோக்கியில் புகை வெளுத்துவிட்டது. ஆனால் ஏறினால் மட்டும் போதுமா? சக்கரத்தில் இன்னும் பூசணிச் சாறு இருக்கும். குனிந்து கைக்கு எட்டின மட்டும் காய்ந்த மண்ணை அள்ளித் தண்டவாளத்தில் இரண்டு பக்கமும் தூவினேன். போதுமா? எனக்குத் தெரியாது. ஏறவில்லை என்றால்? வழுக்கினால்? மறுபடி தீ பிய்த்துக்கொண்டு போனால் பொறுக்கச் சொல்ல எனக்கு முகம் இருக்காது. பதினோரு பேரும் இறங்குவார்கள், குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு தள்ளுவார்கள், அதுகளுக்கு அதுவும் விளையாட்டு. பந்தலில் போண்டாவுக்கு எண்ணெய் காயும். டிக்கெட் கவுன்ட்டரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், நல்ல நிழலான இடம், பக்கத்தில் ஃபேன்கூட இருக்கிறது. எல்லாருக்கும் நிம்மதி. சில சமயம் எனக்கும் அது நிம்மதியாக இருக்கும் என்று தோன்றும், அந்த நினைப்பு வரும்போதுதான் உண்மையாகவே பயமாக இருக்கிறது. அவர்கள் தள்ளுவதைவிட, தள்ளட்டுமே என்று நான் நினைத்துவிடுவேனோ என்று. வயது ஐம்பத்தாறு, முதுகு வலிக்கிறது, கண்ணில் கரித்தூள், யாருக்காக இந்தக் கூத்து? எனக்காக. வேறு யாருக்காகவும் இல்லை, பெண் குலத்துக்காகவும் இல்லை, பத்திரிகைக்காரன் கேட்டானே காலையில், பெண்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று. ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. இந்த மேட்டில் ஏற விரும்புகிறேன்.

எழுபத்தொன்று. எழுபத்தைந்து. பொறு. கூலிங்கிளாஸ்காரர் செல்போனில் படம் எடுக்கிறார், எடுக்கட்டும். பொறு. ஒரு குழந்தை ஒண்ணுக்கு வருகிறது என்கிறது. அதற்கு நான் பொறுப்பல்ல. எழுபத்தெட்டு. எண்பதைத் தொட்டதும் உடனே கிளம்பத் துடித்தது கை, அதை அதட்டி இன்னும் கொஞ்சம் நிறுத்தினேன். எண்பத்து நாலு. விசில் அடித்தால் நீராவி செலவு. கையைத் தூக்கினேன். "விட்டாச்சு மேடம்" என்று பிரான்சிஸ் கத்தினார், பிரேக் விட்ட சத்தம் கேட்டது. ரெகுலேட்டரை மயிரிழை திறந்தேன். இன்னும் மயிரிழை. ஒரு சீறல். சக்கரம் வழுக்கவில்லை. நகர்ந்தது. நகர்ந்துவிட்டது! பின்னால் ஓவென்று சத்தம், ருக்குமணி அம்மாள் என் முதுகில் ஓர் அடி வைத்தார், நான் சிரிக்க வாயைத் திறந்தேன்.

திறந்த வாய் அப்படியே நின்றது. சத்தம் சரியில்லை. மேட்டில் பதினோரு பேரை இழுக்கிற எஞ்ஜின் இப்படி லேசாக மூச்சு விடாது. நான் இழுத்திருந்தால் என் இருக்கைக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் கொக்கிச் சங்கிலி விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். குனிந்து பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்தது. தொய்ந்து, ஆடி ஆடி, கட்டையில் தட்டிக்கொண்டிருந்தது. பெட்டிகள்தான் என்னைத் தள்ளிக்கொண்டு போகின்றன. திரும்பினேன். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை குனிந்திருக்கிறது. பிரான்சிஸ் வாயைத் திறந்தபடி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். பேசாமல் இருந்துவிடலாம். மேடு இன்னும் கொஞ்ச தூரம்தான். மேலே போனால் எல்லாரும் கை தட்டுவார்கள், கமிட்டி வாயை மூடிக்கொள்ளும், அடுத்த வருஷம் எஞ்ஜின் என் கையில். பந்தலிலிருந்து பார்த்தால் தெரியாத தள்ளல். யாருக்கும் தெரியாது. அப்படித்தானே அத்தனை வருஷமும் ஓடியது, யாருக்கும் தெரியாமல், வழுக்காமல், சிந்தாமல்? நான் ரெகுலேட்டரை மூடினேன். "பிரான்சிஸ், பிரேக்!"

நின்றது. மேட்டில், எல்லார் கண்ணுக்கும் முன்னால், ஓடிக்கொண்டிருந்த ரயிலை நானே நிறுத்தினேன். அய்யோ என்று ஒரு சத்தம் எழுந்தது. கூலிங்கிளாஸ்காரர், "இந்தம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றார். ஆயிற்றுதான்.

"போயிட்டுத்தான இருந்துச்சு, ஏன் நிறுத்துனே?" என்றார் தாமோதரன்.

"நீங்க தள்ளுனீங்க."

"லேசா ஒரு கை. ஆருக்குத் தெரியப்போகுது வசு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே புரியவில்லை அவருக்கு. பொய் இல்லை, திமிர் இல்லை, ஒரு நல்லது செய்து மாட்டிக்கொண்ட மனுஷனின் முகம். இந்த முகத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டேன். கோபம் வந்தது, அழுகையாக மாறப் பார்த்தது, மாற விடவில்லை.

"கையை எடுத்துப் பேண்ட் பாக்கெட்டுல வையுங்க."

"என்னது?"

"ரெண்டு கையும். பாக்கெட்டுல. நீங்க வச்ச பொறகுதான் நான் வண்டி எடுப்பேன். சாயங்காலம் ஆனாலும் செரி, இங்கதான் நிப்பேன்."

பந்தலில் மைக்கில் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள், எங்களைப் பற்றித்தான் இருக்கும். "வையுங் சார்" என்றார் ருக்குமணி அம்மாள், சண்டை போடாமல், மில்லில் வரிசையில் நிற்கச் சொல்கிற குரலில். தாமோதரன் முதலில் ஒரு கையை வைத்தார். அப்புறம் இன்னொன்று. செயலாளர் பேட்ஜ் போட்ட மனுஷன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி வெயிலில் நின்றார்.

எழுபத்தாறுதான் இருந்தது. எண்பதுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் பாவம் பார்த்துவிடுவேன். கையைத் தூக்கினேன், பிரேக் விட்டது, திறந்தேன். சக்கரம் அரைச் சுற்று வழுக்கியது, மூடினேன், இந்தத் தடவை பதறாமல் மூடினேன், மறுபடி திறந்தேன். சங்கிலி டணாரென்று விறைத்தது. அந்த அடி என் இடுப்பில் வந்து விழுந்தது. கனம். அப்பா, என்ன கனம்! ருக்குமணி அம்மாளின் கனம், கூலிங்கிளாஸ்காரரின் கனம், ஒண்ணுக்கு வருகிற குழந்தை, பிரான்சிஸ், இரும்பு, மரம், எல்லாம் என்னைப் பின்னுக்கு இழுத்தன. எஞ்ஜின் ஒரு முறை மூச்சு விட்டது, நெடு நேரம் கழித்து இன்னொரு முறை. நடக்கிற குழந்தைகூட எங்களைத் தாண்டிப் போயிருக்கும். ஊசி எழுபது, அறுபத்தாறு. இறங்கட்டும். இது என் கனம், நான் இழுக்கிறேன், ஒரு சொட்டும் யாரும் குறைக்கவில்லை. அறுபத்தொன்று. சக்கரம் மண்ணைக் கடித்தது. இன்னொரு மூச்சு. எஞ்ஜினின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது, தண்டவாளம் கண்ணுக்கு முன்னால் சமமாகி, அந்தப் பக்கம் வேப்ப மரங்களுக்கு நடுவே இறங்கிப் போவது தெரிந்தது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கீழே, விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கை இரண்டும் பாக்கெட்டில்தான். ஆனால் தோள் முன்னால் வளைந்து, ஒரு காலை ஊன்றி, உடம்பு இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. அவருக்கே தெரிந்திருக்காது. பாவமாக இருந்தது. ரொம்பவே பாவமாக இருந்தது. தீக்கதவைத் திறந்து கரி அள்ளிப் போட்டேன்.